வன்னிக் கரையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ரொக்கெட்டைப் பார்ப்பதும் படமெடுப்பதும்

புதுக்குடியிருப்பில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "இந்தியா ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து அனுப்புற ரொக்கெட் எங்கட பக்கம் தெரியுமா? தெரியுமெண்டால் எங்க நிண்டு, எந்தத் திசையில பாக்க வேணும்? என்னட்ட ஒரு பழைய டிஎஸ்எல்ஆரும் போனும் இருக்கு. படம் எடுக்கலாமா?"

தெரியும் தம்பி. இரவு ஏவலாக இருந்து, வானமும் வெளித்திருந்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். பட்டப்பகலில் அனுப்பினால் இங்கிருந்து பார்க்க மினக்கெட வேண்டாம், வீட்டில் இருந்து நேரலையைப் பாருங்கள். சந்திரயான் 3 பிற்பகல் 2.35க்கும் ஆதித்யா எல்1 முற்பகல் 11.50க்கும் போயின. இவ்வளவு தூரத்தில், சூரிய வெளிச்சத்தில், அந்த நெருப்பைக் கண் பிடிக்காது. ஆகவே நான் சொல்லப்போவது எல்லாம் இரவுக்கும், விடியலுக்கு முன்பும் பொழுதுபட்ட பின்பும் வரும் கருக்கல் நேரத்துக்கும்தான்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா நேர்கோட்டில் ஏறக்குறைய 500 கிலோமீற்றர். திசை கிட்டத்தட்ட நேர் வடக்கு, ஒரு சிறு துளி மேற்குச் சாய்வு. பூமி வளைந்திருப்பதால் அந்தத் தூரத்தில் உள்ள ஒன்று 17 முதல் 20 கிலோமீற்றர் உயரத்துக்கு எழும்பினால்தான் நம் அடிவானத்துக்கு மேல் தலை காட்டும். ரொக்கெட்டுக்கு அந்த உயரம் போக ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூட எடுக்கும். அடிவானத்தை ஒட்டி எப்போதும் தூசியும் ஈரமும் படிந்து கிடப்பதால் உண்மையில் கண்ணில் படுவது ஒன்றரை நிமிடமளவில். கவுண்ட்டவுன் பூச்சியம் ஆனதும் ஒன்றும் தெரியவில்லையே என்று மனம் விட்டுவிடாதீர்கள். முதல் ஒன்றரை நிமிடம் வெறும் இருட்டுத்தான். சத்தத்தையும் எதிர்பார்க்க வேண்டாம், அது இங்கே வந்து சேராது.

இனித்தான் முக்கியமான விடயம். நான் முதல் முறை போனபோது இதைத் தெரியாமல் கோட்டை விட்டேன். ஸ்ரீஹரிகோட்டா வடக்கே இருக்கிறது, ஆகவே ரொக்கெட்டும் வடக்கே நிமிர்ந்து எழும்பும் என்று எண்ணி, கமெராவை நெட்டுக்குத்தாக வைத்து வடக்கைக் குறிவைத்துக் காத்திருந்தேன். வடக்கே அடிவானத்தில் செம்மஞ்சளாக ஒரு பொறி தோன்றியது. தோன்றிய பொறி மேலே ஏறாமல் வலது பக்கம் நழுவத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் என் படச்சட்டத்தை விட்டே வெளியே போய்விட்டது. நான் கமெராவைத் திருப்புவதற்குள் மங்கி மறைந்தது. முடிந்தது என்று நினைத்து ட்ரைபொட்டை மடக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணை, "அங்க பார், கிழக்கால திரும்ப எரியுது" என்றார். நிமிர்ந்து பார்த்தால் முன்பு பார்த்ததை விட உயரத்தில், பிரகாசமாக, புகை வட்டம் சூழ, கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. படம் ஒன்றும் இல்லை. கண்ணால் கண்டதுதான் மிச்சம்.

ஏன் அப்படி நடந்தது? இந்தியா அதிகம் அனுப்பும் பிஎஸ்எல்வி என்ற ரொக்கெட் பெரும்பாலும் செய்மதிகளைத் துருவங்களுக்கு மேலால் சுற்றும் பாதையில் விடுகிறது. அதற்கு நேர் தெற்கே போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவுக்கு நேர் தெற்கே இருப்பது நமது தீவு. எரிந்து முடிந்த பாகங்கள் மக்கள் வாழும் நிலத்தில் விழக்கூடாது என்பதால் ரொக்கெட்டை முதலில் தென்கிழக்காக, வடக்கிலிருந்து வலச்சுற்றாக ஏறக்குறைய 140 பாகைத் திசையில், வங்கக் கடலுக்கு மேல் அனுப்பி, பிறகு வழியில் தெற்கு நோக்கி வளைக்கிறார்கள். எரிபொருளைச் செலவழித்து, சுமையைக் குறைத்துச் செய்யும் சுற்று இது. விஞ்ஞானிகளுக்கு அது இழப்பு, ஆனால் நமக்கு அது பெரிய வரம். நம் தீவைச் சுற்றிக்கொண்டு போவதால் அந்த ரொக்கெட் நமது கிழக்குக் கடலுக்கு மேலால், நம்மைத் தாண்டித்தான் போகிறது.

நிமிடக் கணக்கில் சொல்கிறேன், மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பிஎஸ்எல்வி ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து கழரும் கட்டங்களால் ஆனது. முதல் கட்டம் திண்ம எரிபொருள். அலுமினியத் தூள் கலந்தது, ஆகவே சுவாலை மிகப் பிரகாசம். அது 1 நிமிடம் 50 செக்கன் அளவில் எரிந்து முடிகிறது. அந்த நேரம் முல்லைத்தீவிலிருந்து பார்த்தால் நேர் வடக்கே, அடிவானத்துக்கு மேல் ஐந்து பாகை அளவில் இருக்கும். கையை முழுவதும் நீட்டி மூன்று விரல்களைப் படுக்கையாகப் பிடித்தால் அவ்வளவு உயரம். அடுத்து இரண்டாம் கட்டம், விகாஸ் என்ற திரவ எரிபொருள் இயந்திரம். இதன் சுவாலை கண்ணாடி போல, வெளிச்சம் குறைவு. இரண்டரை நிமிடம் இது எரியும்போது ரொக்கெட் வடக்கிலிருந்து வடகிழக்குக்கு நகர்ந்து மேலே ஏறுகிறது. நல்ல வானத்தில் மங்கலான நட்சத்திரம் ஒன்று ஓடுவது போல இருக்கும், சிலவேளை கண்ணுக்குத் தப்பியே விடும். நான் மூட்டை கட்டியது இந்த நேரத்தில்தான். 4 நிமிடம் 25 செக்கன் அளவில் மூன்றாம் கட்டம் பற்றுகிறது. இதுவும் திண்ம எரிபொருள். அந்த நேரம் அது நமக்குக் கிழக்கு வடகிழக்கே, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் உயரத்தில், அடிவானத்திலிருந்து ஒன்றரை, இரண்டு சாண் மேலே இருக்கும். காற்றே இல்லாத உயரம் என்பதால் புகை ஒடுங்காமல் விசிறி போல விரிகிறது. அப்படியே கிழக்கைத் தாண்டித் தென்கிழக்கே இறங்கி, எரிந்து முடிந்ததும் விளக்கை அணைத்தது போல மறைந்துவிடும்.

இதை நான் எல்லோருக்கும் சொல்வேன்: முதல் கட்டம் சென்னைக்காரருக்கு, மூன்றாம் கட்டம் நமக்கு. சென்னையில் நிற்பவர்கள் மேலெழும்பும் நெருப்பையும் முழக்கத்தையும் அனுபவிக்கிறார்கள், சரி. ஆனால் மூன்றாம் கட்டம் பற்றும்போது ரொக்கெட் அவர்களை விட்டு வெகு தூரம் போய்விடும். அந்த இடத்துக்கு முல்லைத்தீவுக் கரைதான் கிட்ட.

எல்லா ஏவலும் இப்படி வராது. அறிவிப்பு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது எந்த ரொக்கெட், எந்த வட்டப்பாதை என்பதை. சூரிய ஒத்தியக்கப் பாதை, துருவப் பாதை என்று போட்டிருந்தால் மேலே சொன்ன வழி. ஜிஎஸ்எல்வி, எல்விஎம்3 என்ற பெரிய ரொக்கெட்டுகள் இரண்டும் தொடர்பாடல் செய்மதியைப் புவிநிலைப் பாதைக்குக் கொண்டுபோகும்போது கிழக்குப் பக்கமாகவே போய்விடும். அப்போது நமக்கு வடக்கிலிருந்து வடகிழக்காகத் தாழ்வாக நகரும், ஒரு முட்டி உயரத்துக்கு மேல் பெரிதாக எழாது. பிஎஸ்எல்வியிலும் விதிவிலக்கு உண்டு. 2022 ஜூன் 30இல் போன சி53 (பிஎஸ்எல்வி ஏவல்களுக்கு இப்படித்தான் இலக்கம் போடுவார்கள்), 2023 ஜூலை 30இல் போன சி56 இரண்டும் நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதைக்குப் போனவை, ஆகவே நம் பக்கம் வளையவில்லை. மறுபுறம் 2022 ஒக்டோபர் 23ஆம் திகதி நள்ளிரவு தாண்டி 12.07க்கு 36 வன்வெப் செய்மதிகளோடு போன எல்விஎம்3, பெரிய ரொக்கெட்டாக இருந்தும் துருவப் பாதைக்குப் போனது. பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல் பாதையைப் பாருங்கள் என்பது இதனால்தான்.

இரவு ஏவல் அடிக்கடி கிடைக்காது. 2018 செப்டெம்பர் 16இல் சி42 இரவு 10.08க்கு, 2019 ஜனவரி 24இல் சி44 இரவு 11.37க்கு என்று நமக்கு வசதியாக வந்தவை சில உண்டு. 2023ஆம் ஆண்டு முழுவதும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இரவில் ஒன்றுகூடப் போகவில்லை. ஆகவே ஒன்று கிடைத்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். நேரத்தைப் பொறுத்தவரை நமக்கு ஒரு வசதி, 2006இலிருந்து இலங்கை மணியும் இந்திய மணியும் ஒன்றுதான். ஆனால் அறிவித்த நேரம் கடைசியில் தள்ளிப்போகலாம். 2024 டிசம்பர் 30இல் ஸ்பேடெக்ஸ் செய்மதிகளோடு போன ரொக்கெட் இரவு 9.58க்கு என்று சொல்லியிருந்து 10 மணிக்குத்தான் கிளம்பியது. இன்னொன்று, யூடியூப் நேரலை உண்மை நேரத்தை விட அரை நிமிடம் வரை பிந்தி வரும். ஏவல் நடந்ததா என்று உறுதி செய்ய அதைப் பாருங்கள், கணக்கை மட்டும் கைமணிக்கூட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

திசையை இன்னும் துல்லியமாக அறிய ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு ஏவலுக்கும் முன்பு கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் எச்சரிக்கை கொடுப்பார்கள், கடலில் எந்தப் பகுதிகளில் பாகங்கள் விழும் என்று அகலாங்கு நெட்டாங்கோடு. நம்மைச் சூழ்ந்த கடலுக்கு அந்த எச்சரிக்கைகளை ஒருங்கிணைப்பது டேராடூனில் இருக்கும் இந்திய நீரளவையியல் அலுவலகம். அந்தப் புள்ளிகளை கூகுள் எர்த்தில் குறித்துக் கோடு இழுத்தால் பாதை கண்முன்னே வந்துவிடும். ஆழ்கடலுக்குப் போகிற சொந்தக்காரர் இருந்தால் அவர்களுக்கும் அந்த எச்சரிக்கை பயன்படும். பாகங்கள் கரை ஒதுங்குவது கதையல்ல. 2023 ஜூலையில் மேற்கு அவுஸ்திரேலியாவில் ஜூரியன் பே பக்கம் ஒதுங்கிய பெரிய உருளை, பெரும்பாலும் பிஎஸ்எல்வியின் மூன்றாம் கட்டமாக இருக்கும் என்று அந்த நாட்டு விண்வெளி முகவரகம் முடிவு செய்தது. நம் கடலுக்கு மேலால் எரிந்து போவதும் அதே வகைப் பாகம்தான். அப்படி எதையாவது கண்டால் தொட வேண்டாம், எரிபொருள் மிச்சம் நஞ்சு.

சரி, இனிப் படம். பலர் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை மில்லிமீற்றர் ஸூம் லென்ஸ் வேண்டும் என்பது. கணக்குப் பாருங்கள். பிஎஸ்எல்வி 44 மீற்றர் உயரம். 450 கிலோமீற்றர் தூரத்தில் அது முழு நிலவின் அகலத்தில் தொண்ணூறில் ஒரு பங்கு. 600 மில்லிமீற்றர் லென்ஸ் போட்டாலும் அது ஒரு ஒளிப்புள்ளிதான், அதையும் இருட்டில் ஓடும்போது சட்டத்துக்குள் பிடித்து வைக்க முடியாது. இவ்வளவு தூரத்தில் ரொக்கெட்டின் உருவம் நம் கைக்கு எட்டாது. எட்டுவது அதன் வழி. கடலில் ஒரு பக்கம் தொடங்கி, நம் பனைகளுக்கு மேலால், நம் வாடிகளுக்கு மேலால், நட்சத்திரங்களுக்கு ஊடாகப் போகும் ஒரு கோடு. அந்தக் கோட்டையும் அதற்குக் கீழே நம் மண்ணையும் ஒரே படத்தில் கொண்டுவருவதுதான் இங்கிருந்து எடுக்கத் தகுந்த படம். ஸ்ரீஹரிகோட்டாவின் வாசலில் நிற்பவருக்குக்கூட அந்தப் படம் கிடைக்காது.

அதற்கு உங்கள் பழைய டிஎஸ்எல்ஆரோடு வந்த 18-55 லென்ஸ் போதும். 18இல் வைத்தால் பக்கவாட்டில் 66 பாகை பிடிக்கும். முழுப் பாதையோ வடக்கிலிருந்து தென்கிழக்கு வரை 130 பாகை அளவு போகிறது, ஆகவே முழுவதையும் ஒரு படத்தில் அடக்க முடியாது. ஏதாவது ஒரு பகுதியை முன்கூட்டியே தெரிவு செய்யுங்கள். முதல் தடவை என்றால் என் ஆலோசனை மூன்றாம் கட்டம்: கமெராவைப் படுக்கையாக வைத்து, நடுப்பகுதி கிழக்கு வடகிழக்கைப் பார்க்க, கீழ் ஓரத்தில் நிலமோ மரமோ சிறிதளவு வர, மேல் நோக்கிச் சரியுங்கள். முதல் கட்டம் வேண்டுமென்றால் வடக்கே வையுங்கள், ஆனால் வலது பக்கம் நிறைய இடம் விடுங்கள். நடுவில் திருப்பிக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். இருட்டில், பதற்றத்தில், ட்ரைபொட் திருகாணியோடு போராடுவதிலேயே ஆறு நிமிடமும் போய்விடும். நண்பர் ஒருவரிடம் இன்னொரு கமெரா இருந்தால் ஒன்று வடக்கே, ஒன்று கிழக்கே.

வடக்கைக் கண்டுபிடிக்கக் கொம்பாஸ் தேவையில்லை. துருவ நட்சத்திரம் நம் அகலாங்கு எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். முல்லைத்தீவில் அது ஒன்பது பாகை, கையை நீட்டி முட்டி பிடித்தால் அந்த முட்டியின் உயரம். அடிவானத்து மங்கலில் அது தெளிவாகத் தெரிந்தால் அன்றைய வானம் நல்லது என்று அர்த்தம். முதல் கட்டம் முடியும் இடம் ஏறக்குறைய அந்த நட்சத்திரத்துக்கு நேர் கீழே. அந்த நட்சத்திரத்தையே காணவில்லை என்றால் முதல் கட்டத்தில் நம்பிக்கை வைக்காமல் கிழக்கைப் பாருங்கள்.

ஃபோகஸ்தான் அதிகம் பேருடைய படத்தைக் கெடுப்பது. தானியங்கி ஃபோகஸை நிறுத்துங்கள். திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை வளையத்தைக் கையால் திருப்பி, பிறகு வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். நட்சத்திரம் இல்லையென்றால் தூரத்து வள்ளத்தின் வெளிச்சம் போதும். லென்ஸில் அதிர்வு தடுப்பு இருந்தால் ட்ரைபொட்டில் அதையும் நிறுத்துங்கள். நீண்ட எக்ஸ்போஷருக்கு இரைச்சல் நீக்கும் வசதி கமெராவில் இருக்கும், அது இயங்கினால் ஒரு படம் எடுத்தபின் அதே அளவு நேரம் கமெரா முடங்கிக் கிடக்கும். அதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும்.

எக்ஸ்போஷர் கையால் வைப்பது. ஷட்டர் 30 செக்கன், லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு, 18-55இல் அது எஃப் 3.5. கமெராவின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓ 800. நிலவு இருந்தால் 400க்கோ 200க்கோ குறையுங்கள். ஏவலுக்கு கால் மணி முன்பு ஒரு சோதனைப் படம் எடுத்துப் பாருங்கள், வானம் கறுப்பாக இல்லாமல் கரும் சாம்பலாக வந்தால் சரி. கோப்பு ரோ வடிவில், அதாவது கமெரா திருத்தாத மூலப் படமாக, இருக்கட்டும். தொடர்ந்து எடுக்கும் நிலையில் வைத்து, வயர் ரிலீஸின் (கமெராவில் வயரால் கொழுவும் பொத்தான்) பொத்தானை ஏவல் நேரத்திலேயே அழுத்திப் பூட்டிவிடுங்கள். ஏழு நிமிடத்துக்குப் பதினான்கு படங்கள் வரும். எல்லாம் முடிந்த பின்பும் நாலைந்து படம் ஓடட்டும், புகையின் மிச்சம் சிலவேளை அழகாக வரும். வீட்டுக்கு வந்து ஸ்டார்ஸ்டாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் தனித்தனித் துண்டுகள் ஒரே கோடாகும். ஆறு நிமிடமும் ஷட்டரைத் திறந்தே வைத்து ஒரே படமாக எடுப்பவர்களும் உண்டு. இந்தத் தூரத்துக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். இடையில் ஒரு மோட்டார் சைக்கிள் லைற் பட்டால் அவ்வளவும் வீண். துண்டு துண்டாக எடுத்தால் கெட்ட துண்டை மட்டும் கழித்துவிடலாம்.

போன் மட்டும் இருப்பவர்களும் மனம் சோர வேண்டாம். புரோ மோட் இருந்தால் பிரதான கமெராவில் 30 செக்கன், ஐஎஸ்ஓ 800, ஃபோகஸ் முடிவிலி. போனை எதிலாவது அசையாமல் பொருத்தி, பொத்தானை அமத்தும் ஆட்டம் படத்தில் வராதபடி இரண்டு செக்கன் டைமர் போடுங்கள். டிஎஸ்எல்ஆர் வேலை செய்யும்போது போனை வீடியோவில் போட்டு மணலில் வைத்துவிடுவது என் பழக்கம். படம் இருட்டாகத்தான் வரும், ஆனால் "அந்தா, அந்தா" என்று சிறுசுகள் கத்துவதும் அலைச் சத்தமும் அதில் பதிந்திருக்கும். பின்னாளில் அந்தக் கோட்டுப் படத்தை விட அதைத்தான் நான் அதிகம் கேட்கிறேன்.

எங்கே நிற்பது? கிழக்கும் வடக்கும் கடலாகத் திறந்திருக்கும் இடம் முதல் தரம். முல்லைத்தீவுக் கரை, தெற்கே அளம்பில், செம்மலை, வடக்கே சுண்டிக்குளப் பக்கம் எல்லாம் பொருந்தும். நாயாற்றில் நீர் அமைதியாக இருந்தால் கோட்டின் நிழல் தண்ணீரிலும் விழும். நந்திக்கடலின் மேற்குக் கரையில் நின்றாலும் கிழக்கே நீர்ப்பரப்பு கிடைக்கும். முள்ளிவாய்க்கால் மண்ணில் மட்டும் நான் ட்ரைபொட் விரிப்பதில்லை. மற்றவர்கள் செய்வதைப் பிழை சொல்லவில்லை, எனக்கு அங்கே கை வராது. கிளிநொச்சிக்காரருக்கு இரணைமடு அணைக்கட்டு நல்லது, வடக்கே வயல்வெளி தாழ்வாகக் கிடக்கிறது. வவுனியாவில் காடும் கட்டடமும் அடிவானத்தை மறைக்கும் என்றாலும் மூன்றாம் கட்டம் உயரத்தில் வருவதால் ஒரு குளக்கட்டில் ஏறினால் அதைப் பார்த்துவிடலாம். உட்பகுதிகளில் யானையை நினைவில் வையுங்கள், தனியே போகாதீர்கள்.

காலநிலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, வாடைக்காற்று தொடங்கி மாரி முடியும் வரை வடகிழக்கு வானம் முகிலாகவே இருக்கும். மாசி, பங்குனியில் நல்ல இரவுகள் உண்டு. கச்சான் வீசும் மாதங்களில் வானம் வெளித்தாலும் காற்று ட்ரைபொட்டை ஆட்டும், நடுவில் ஒரு மண் பையைத் தொங்கவிடுங்கள். கடற்கரையில் எந்த மாதமும் உப்பு ஈரம் லென்ஸில் படியும், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை துணியால் ஒற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு விடயங்களைப் போவதற்கு முதலே செய்துவிடுங்கள். கரையில் வாடி போட்டிருப்பவர்களிடம் எதற்காக வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். முகாம்கள் இருக்கும் பக்கம் கமெராவைத் திருப்பாத இடமாகப் பாருங்கள், யாராவது வந்து கேட்டால் ஏவல் செய்தியைப் போனில் காட்டினால் விளங்கிக்கொள்வார்கள். அடுத்தது வீட்டில் உள்ள மூத்தவர்களுக்கு. ஒருமுறை எங்கள் முற்றத்தில் பிள்ளைகள் "ரொக்கெட் வருது, ரொக்கெட் வருது" என்று கத்த, பக்கத்து வீட்டு அம்மம்மா ஓடிவந்து இரண்டு பேரப்பிள்ளைகளின் கையையும் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். அவருக்கு அந்தச் சொல்லும், இரவு வானத்தில் அசையும் வெளிச்சமும் வேறொன்று. அவர் கை நடுங்கியதைப் பார்த்த பிறகு நான் முதல் நாளே வீடு வீடாகச் சொல்லிவிடுவேன்: நாளைக்கு இத்தனை மணிக்கு இந்தியா செய்மதி அனுப்புது, கடலுக்கு மேலால் தூரத்தில போகும், சத்தம் வராது. அடுத்த தடவை அந்த அம்மம்மா கதிரை போட்டு முற்றத்தில் இருந்து பார்த்தார்.

கருக்கல் ஏவல்களைத் தனியே சொல்ல வேண்டும், அவை எல்லாவற்றிலும் சிறந்தவை. பொழுது பட்டு அரை மணி நேரம் ஆனால் தரையில் நமக்கு இருட்டு, ஆனால் 50 கிலோமீற்றருக்கு மேலே இன்னும் வெயில். ஒரு மணி நேரம் ஆனால் 200 கிலோமீற்றருக்கு மேலே. அந்த உயரத்துக்குப் போகும் ரொக்கெட்டின் புகையில் சூரிய ஒளி பட்டு, சொறிமீன் போல வெள்ளையும் நீலமுமாக விரியும். விடியலுக்கு முன்பும் இதே கணக்கு. 2022 பெப்ரவரி 14இல் சி52 காலை 5.59க்குப் போனது அப்படியான நேரம். விடியலில் நமக்கு ஒரு இடைஞ்சல், கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிடும். பொழுதுபட்ட பின் என்றால் கிழக்கு இருண்டிருக்கும், அதுதான் நம் கரைக்கு வாய்ப்பான நேரம். இந்த நேரங்களில் 30 செக்கன் வைத்தால் வானம் வெந்துபோகும். ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 2 முதல் 4 செக்கன் என்று தொடங்கி, திரையைப் பார்த்துப் பார்த்து மாற்றுங்கள்.

மன்னார்ப் பக்கம் இருப்பவர்களுக்கு வேறொரு வாசல் திறக்கப்போகிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் குலசேகரப்பட்டினத்தில் சிறிய ரொக்கெட்டுகளுக்காகப் புதிய ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து நேர் தெற்கே நம் தீவுக்கு மேற்காலேயே போய்விடலாம், சுற்றி வளைக்கத் தேவையில்லை. அதற்காகவே அந்த இடம். அரிப்பிலிருந்து அது 210 கிலோமீற்றர் அளவுதான், மேற்கே கடல் திறந்து கிடக்கிறது. அந்தத் தூரத்துக்கு ரொக்கெட் மூன்று, நாலு கிலோமீற்றர் எழும்பினாலே தலை தெரியும், கிட்டத்தட்ட புறப்பட்டவுடனே. அங்கே பறக்கப்போகும் எஸ்எஸ்எல்வி என்ற சிறிய ரொக்கெட்டின் மூன்று கட்டமும் திண்ம எரிபொருள், ஆகவே இடையில் மங்கும் கட்டம் இல்லை. திசை மேற்குத் தென்மேற்கில் தொடங்கி இடது பக்கமாகத் தெற்கே நகரும், நம் கிழக்குக் கரையில் பார்ப்பதற்கு நேர் எதிர். பொழுது படும் பக்கமும் அதுவே என்பதால், அங்கே விடியலுக்கு முந்திய ஏவல்தான் வாய்ப்பு.

தம்பி, புதுக்குடியிருப்பிலிருந்து உங்களுக்குக் கடல் கிட்டத்தான். அடுத்த ஏவல் வரை காத்திராமல் ஒரு நிலவில்லாத இரவில் போய், வடகிழக்கைப் பார்த்து 30 செக்கன் படம் பத்து எடுத்துப் பாருங்கள். ஃபோகஸ் டேப், வயர் ரிலீஸ், பற்றரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். அந்தப் படங்களை எனக்கு அனுப்பினால் சட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.